உஷார்! அது சப்பாத்தி மாவு இல்லை

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்முறை தவறாமல் சுற்ற ஆரம்பித்துவிடும். மைதா ஒரு கப், உப்பு அரை கப், எண்ணெய் ஒரு ஸ்பூன், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, தண்ணீர், கலர். பிசைந்தால் பிள்ளைகளுக்கு விளையாட்டு மாவு ரெடி. கூடவே ஒரு வரியும் வரும்: கெமிக்கல் கிடையாது, எல்லாமே அடுப்படிச் சாமான், குழந்தை வாயில் போட்டாலும் பயமில்லை.

அந்தக் கடைசி வரியை நம்பாதீர்கள். அடுத்தவருக்கு ஃபார்வர்டும் செய்யாதீர்கள். அது தவறு. குழந்தையின் உயிரோடு விளையாடுகிற தவறு.

வீட்டில் மாவு பிசைந்து கொடுப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உருட்டி, தட்டி, கிள்ளி, திரித்து விளையாடும்போது பிஞ்சு விரல்களுக்கு வலு கூடுகிறது. பின்னால் பென்சில் பிடிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் அது கைகொடுக்கும். ஒரு மணி நேரம் பிள்ளை போனைக் கேட்காமல் இருப்பதும் பெரிய விஷயம். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால், அடுப்படியில் இருந்து வந்தது என்பதற்காக அது சாப்பாடு ஆகிவிடாது. பார்க்க சப்பாத்தி மாவு மாதிரியே இருக்கிறதே, அங்கேதான் ஆபத்து. பெரியவர்களே ஏமாறும்போது இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்?

உப்பு: முதல் எதிரி

அரை கப் உப்பு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எடை போட்டுப் பாருங்கள். அரை கப் தூள் உப்பு ஏறக்குறைய 145 கிராம் இருக்கும். மைதா, தண்ணீர், எண்ணெய் எல்லாம் சேர்ந்து மொத்த மாவு அரை கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அதாவது, மாவில் கால் பங்குக்கு மேல் வெறும் உப்பு. அதில் ஓர் எலுமிச்சம்பழ அளவு உருண்டை, 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், 13 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. டீஸ்பூன் கணக்கில் தலை தட்டி இரண்டு ஸ்பூனுக்கும் அதிகம்.

ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதுவும் பெரியவர்களுக்கு! குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. உடல் எடையில் கிலோவுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரையிலான உப்பு ஒரே நேரத்தில் உள்ளே போனாலே விஷமாகலாம் என்பது மருத்துவக் கணக்கு. 12 கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு 6 கிராமிலேயே ஆபத்து எல்லை தொடங்கிவிடுகிறது. இந்த மாவில் பாதி எலுமிச்சம்பழ அளவு போதும், அந்த எல்லையைத் தொட.

ரத்தத்தில் உப்பு திடீரென்று ஏறினால் செல்களுக்குள் இருக்கும் நீரை அது வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டுக் குலுக்கி வைத்த மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுச் சுருங்குமே, மூளையின் செல்களுக்கும் அதே கதிதான். சுருங்கும் மூளை தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய ரத்தக் குழாய்களையும் இழுத்துக் கிழித்துவிடலாம். வாந்தி, அடங்காத தாகம், காரணமில்லாத சிணுங்கல், பிறகு சோர்வு, வலிப்பு, மயக்கம் என்று நிலைமை வேகமாக மோசமாகும்.

'கரிக்கிற மாவை எந்தக் குழந்தை தின்னும்? துப்பிவிடும்' என்பீர்கள். பெரும்பாலான குழந்தைகள் துப்பிவிடும், உண்மைதான். ஆனால் எல்லாக் குழந்தைகளும் இல்லை. மண், சாம்பல், சாக்பீஸ், சுவரில் உரியும் சுண்ணாம்பு என்று எதையாவது தேடித் தின்னும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும் குழந்தைகளிடம் இந்தப் பழக்கம் அதிகம். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் உண்டு. ஒரு வயது, ஒன்றரை வயதுக் குழந்தைக்கோ எந்தப் பொருளையும் தெரிந்துகொள்ளும் வழியே வாய்தான். இப்படிப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், உப்பு மாவை அந்த வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

வேகாத மாவும் பச்சைப் பொருள்தான்

பச்சை முட்டை, பச்சைக் கறி என்றால் உடனே கை கழுவுகிறோம். கோதுமை மாவையும் மைதாவையும் அப்படி நினைப்பதே இல்லை. வயலில் கோதுமை நிற்கும்போதே கால்நடைக் கழிவிலிருந்து கிருமி ஒட்டலாம். அரைத்து, சலித்து, வெள்ளை வெளேரென்று பாக்கெட்டில் வந்துவிட்டால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

2016-இல் அமெரிக்காவில் மைதா மாவின் வழியே ஈ.கோலி கிருமி பரவி, பல மாநிலங்களில் மக்கள் நோயில் விழுந்தார்கள். ஜெனரல் மில்ஸ் நிறுவனம் தன் மாவுப் பாக்கெட்டுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அப்போது நோய்ப்பட்டவர்களில், உணவகத்தில் விளையாடுவதற்காகக் கொடுத்த பச்சை மாவு உருண்டையைக் கையில் வாங்கிய குழந்தைகளும் இருந்தார்கள். அதன் பிறகு அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் நோய்த் தடுப்பு மையமும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டன: வேகாத மாவைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். இந்த வகைக் கிருமி சில குழந்தைகளுக்கு ரத்தபேதியோடு நிற்காது, சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும்.

சப்பாத்தி போடும்போது அழுகிற பிள்ளைக்கு ஒரு உருண்டையைக் கிள்ளிக் கொடுப்பது நம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இனி கொடுத்தால் பக்கத்திலேயே இருங்கள், வாய்க்குப் போகாமல் பாருங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி விடுங்கள். விளையாட்டு மாவு என்றால் அடுப்பில் கிளறிச் செய்வதே நல்லது. பச்சை மாவை வெறும் வாணலியில் வறுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஈரமில்லாத மாவில் கிருமி சூட்டைத் தாங்கி நிற்கும். அந்த வறுவலை நம்ப முடியாது.

கலரில் ஏமாறாதீர்கள்

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் கலர் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் அதில் இருந்ததே காரணம். குழந்தை ஆசையாகத் தின்னும் பண்டத்திலேயே துணிச்சாயம் கலந்தார்கள் என்றால், பெயரும் விலாசமும் இல்லாமல் பொட்டலமாக வரும் கலர் பொடியை எப்படி நம்புவது?

கோலப்பொடி, ஹோலிப் பொடி, துணிக்குப் போடும் சாயம், போஸ்டர் கலர், இங்க், குங்குமம் எதையும் மாவில் சேர்க்காதீர்கள். இவை வாய்க்குப் போகும் என்று நினைத்துத் தயாரிக்கப்பட்டவை அல்ல. கடையில் உதிரியாக அள்ளித் தரும் மஞ்சள்தூளும் வேண்டாம். நிறம் பளிச்சென்று தெரிய அதில் ஈயம் கலந்த லெட் குரோமேட் சேர்க்கும் மோசடி நடக்கிறது. ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும்.

பீட்ரூட் சாறு, அரைத்துப் பிழிந்த கீரைச் சாறு, மஞ்சள் கிழங்கை வீட்டில் காயவைத்துத் திரித்த தூள், இவை போதும். நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், இருக்கட்டும். பளிச்சென்று வேண்டுமென்றால், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் அச்சிட்ட உணவுக் கலர் பாட்டிலைப் பார்த்து வாங்கி, இரண்டு சொட்டு மட்டும் விடுங்கள்.

பிள்ளையாருக்குக் குன்றிமணிக் கண் வேண்டவே வேண்டாம்

இதைப் படிக்கும் பலருக்கு இதுதான் அதிர்ச்சியாக இருக்கும். மாவு கையில் கிடைத்ததும் நம் பிள்ளைகள் முதலில் செய்வது என்ன? பிள்ளையார். வயிறு ஒரு உருண்டை, தலை ஒரு உருண்டை, தும்பிக்கை ஒரு திரி. பிறகு கண். சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்கு வைப்பது மாதிரியே, பூஜை அலமாரியில் கிடக்கும் குன்றிமணியில் இரண்டை எடுத்து அழுத்திவிடுகிறோம். சிவப்பு மேனியில் கறுப்புப் பொட்டு, அழகாகத்தான் இருக்கிறது.

அந்த விதைக்குள் இருப்பது ஏப்ரின். மிகக் கொடிய விஷம். தோல் கெட்டியாக இருப்பதால், முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தாலோ, விதையில் ஓட்டை இருந்தாலோ, உடைந்திருந்தாலோ விஷம் உடலில் ஏறும். மாலை கோப்பதற்காகத் துளையிட்ட குன்றிமணி இன்னும் மோசம். 2011-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ஈடன் ப்ராஜெக்ட் தாவரப் பூங்கா, தன் கடையில் விற்ற குன்றிமணிக் கைவளைகளை அவசரமாகத் திரும்பப் பெற்றது இதனால்தான். நாமோ அதை விளையாட்டுச் சாமானோடு போட்டு வைக்கிறோம்.

குன்றிமணியை மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்' என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரிய பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

புளியங்கொட்டை, மொச்சை, பாசிமணி, சட்டைப் பொத்தான் இவற்றில் குன்றிமணி மாதிரி கொடிய விஷமில்லை. ஆனால் மூச்சுக்குழலில் போய் அடைக்கும், மூக்கிலும் காதிலும் நுழையும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் இடத்தில் இவையும் கூடாது. பிள்ளையாரின் கண்ணைப் பென்சில் முனையால் குத்தி வையுங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கெடாமல் இருக்க என்று எதையும் சேர்க்காதீர்கள்

போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையில் பூச்சியும் எலியும் வராமல் இருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அந்த நினைப்பில், 'மாவு ரொம்ப நாள் வர ஒரு சிட்டிகை துத்தம் போடு' என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லக்கூடும். பணிவாக மறுத்துவிடுங்கள். மயில்துத்தம் காப்பர் சல்பேட். சிறிதளவு உள்ளே போனாலும் குடலைப் புண்ணாக்கும், ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வாசனைக்காகக் கற்பூரம் பொடித்துப் போடுவதும், நீலகிரித் தைலம் விடுவதும் அதே அளவு ஆபத்து. ஒரு கிராம் கற்பூரம்கூடச் சின்னக் குழந்தைக்கு வலிப்பை வரவழைத்து உயிருக்கே உலை வைக்கலாம். நீலகிரித் தைலம் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலும் நிலைமை விபரீதமாகும். வாசனை இல்லாமல் விளையாடினால் குறைந்தா போய்விடும்? சொல்லப்போனால், ஏலக்காய், வெனிலா வாசனைகூட வேண்டாம். தின்பண்டம் மாதிரி மணந்தால் குழந்தை தின்னத்தான் பார்க்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள், எட்டு வயது, பத்து வயதுக்காரர்கள், வீடியோ பார்த்துத் தாங்களாகவே ஸ்லைம் செய்கிறார்கள். பசையோடு வெங்காரம் கலந்தால் ஸ்லைம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். நாட்டு மருந்துக் கடையில் எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைக்கவும் செய்கிறது. வெங்காரத்தில் உள்ள போரான் தோலை அரிக்கும், வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி. தொடர்ந்து அதிக அளவில் உடலில் சேர்ந்தால் இனப்பெருக்க உறுப்புகளையும் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். 2018-இல் பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான 'விச்', கடையில் விற்ற ஸ்லைம்களைச் சோதித்தபோது பலவற்றில் ஐரோப்பிய வரம்பைவிட அதிகமாகப் போரான் இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த டப்பாவில் எதைக் கலக்கிக்கொண்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

வளர்ப்பு நாய் இருக்கிறதா?

நாய்க்கு உப்பு மாவு என்றால் கொள்ளை ஆசை. பிள்ளை துப்பிவிடுவதை அது துப்பாது, முழு உருண்டையையும் விழுங்கிவிடும். வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரையே பறிக்கும். காய்ந்துபோன பொம்மைகளிலும் உப்பு அப்படியேதான் இருக்கும். பழைய மாவைத் தெருநாயும் மாடும் மேயும் இடத்தில் வீசாதீர்கள். கவரில் கட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். துளசிச் செடிக்கு உரம் என்று கொட்டினால் செடி பட்டுப்போகும். சிங்க்கில் கரைத்து விட்டால் குழாய் அடைக்கும்.

அப்படியென்றால் எப்படிச் செய்வது?

மூன்று வயதுக்கு மேற்பட்ட, கண்டதையும் வாயில் வைக்காத பிள்ளைக்கு இதைச் செய்யுங்கள்.

மைதா ஒரு கப், உப்பு கால் கப், எலுமிச்சைச் சாறு இரண்டு டேபிள்ஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீர் ஒரு கப். உப்பைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். மாசக்கணக்கில் வைத்துக்கொள்ளத்தான் அவ்வளவு உப்பு தேவை. நமக்கு ஒரு வாரம் வந்தால் போதும். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, கனமான வாணலியில் சிறு தீயில் விடாமல் கிளறுங்கள். முதலில் கூழாக இருக்கும், பிறகு அடியில் இறுகி, கரண்டியைச் சுற்றித் திரளும். ஓரம் ஒட்டாமல் உருண்டு வந்து, பச்சை வாசனை போனதும் இறக்குங்கள்.

இந்த இடத்திலும் உஷார்! மேலே தொட்டால் ஆறினது மாதிரி இருக்கும், உள்ளே கொதிக்கும் சூடு அடங்கியிருக்காது. ஒட்டிக்கொள்கிற மாவு என்பதால் கையை உதறினாலும் போகாது, தோலைப் பொசுக்கிவிடும். உருண்டையை இரண்டாகப் பிட்டு, நடுப்பகுதியை உங்கள் விரலால் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளையின் கைக்குக் கொடுங்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், இட்லி மாவு எதையும் தடவாதீர்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த உப்பு மாவே வேண்டாம். அவர்களுக்கு நம்மிடம் கொழுக்கட்டை மாவு இருக்கிறது. அரிசி மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டிக் கிளறி, உப்பில்லாமல் மூடி வைத்து, ஆறியதும் எண்ணெய் தொட்டுப் பிசைந்து கொடுங்கள். பிள்ளையாரும் உருளும், பாம்பும் நெளியும். வாயில் ஒரு துளி போனாலும் அது சோறுதான். ஆனால் அதுவும் தொண்டையில் அடைக்கலாம் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும். அன்றைய மாவை அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். அரிசி மாவு நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெடும்.

விளையாடும் முன்னும் பின்னும் கை கழுவச் சொல்லுங்கள். ஆளுக்கு ஓர் உருண்டை, கலந்து விளையாட வேண்டாம். சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்கு விளையாட்டு இல்லை. கையில் கரப்பானோ வெட்டுக்காயமோ இருந்தால் உப்பு எரிச்சலைக் கூட்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் வரும் இடத்தில் மைதா மாவை எடுக்கவே வேண்டாம். நீர் விட்டுப் பிசுபிசுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, புள்ளி தெரிந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

வாயில் போட்டுவிட்டால்?

நுனி விரலில் ஒட்டியதை நக்கினால் பதற வேண்டாம். வாயைத் துடைத்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, கவனித்துக்கொண்டிருங்கள்.

நெல்லிக்காய் அளவோ அதற்கு மேலோ விழுங்கியிருந்தால், எவ்வளவு என்றே தெரியாவிட்டால், வாந்தியோ அடங்காத தாகமோ தூக்கக் கலக்கமோ தெரிந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதி மாவையும், என்னென்ன எவ்வளவு போட்டீர்கள் என்ற விவரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டருக்கு அதுதான் முதல் தேவை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டும் ஆலோசனை கேட்கலாம்.

எதைத் தின்றாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஏற்கெனவே உப்பு ஏறித் தவிக்கும் உடம்புக்குள் மேலும் உப்பை ஊற்றுவது கொலைக்குச் சமம். புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் எதுவும் கூடாது. தொண்டைக்குள் விரலை விடவும் கூடாது.

மாவு தொண்டையில் அடைத்துக்கொண்டு, குழந்தைக்கு இருமவோ அழவோ முடியவில்லை என்றால் ஒரு நொடியும் வீணாக்காதீர்கள். குனிய வைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு போகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால் 108-இல் பேசுபவர் சொல்கிறபடி நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்குங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். இட்லி மாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் பக்கத்தில் விளையாட்டு மாவு டப்பா இருந்தால், முதலில் இடத்தை மாற்றுங்கள். மேல் தட்டில், பிள்ளையின் கைக்கு எட்டாத மூலையில், வேறு நிற மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். 'தின்னக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி, செய்த தேதியோடு ஒட்டுங்கள். தாத்தா, பாட்டி, வீட்டு வேலைக்கு வருகிற அக்கா எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஏனென்றால் மாவைப் பிசைந்தவர் வீட்டில் இல்லாத நேரத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான்.

அடுத்த முறை உங்கள் குழுவில் அந்தச் செய்முறை வந்தால், பேசாமல் நகர்ந்துவிடாதீர்கள். அதற்குக் கீழேயே எழுதுங்கள்: இதில் கால் பங்கு உப்பு இருக்கிறது, வாயில் போனால் ஆபத்து, மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.